பாய்லரடி ஈரம்

முந்தின நாள் சாயங்காலம் பாய்லர் மேடையைச் சுற்றி நாச்சிமுத்து சலித்துத் தூவி வைத்திருந்த சாம்பல், விடிந்து பார்த்தபோது மறுபடியும் கறுத்துக் கிடந்தது. குழாய்க்கு நேர் கீழே அது ஊதினால் பறக்கிற பொடியாகத்தான் இருந்தது. மேடையின் அடியில், செங்கல்லும் தரையும் சேருகிற இடத்தில் மட்டும் ஈரம் கோத்துக்கொண்டு விரலில் சேறாக ஒட்டியது. குந்தி உட்கார்ந்து தொட்டுப் பார்த்தான், வேட்டியில் துடைத்துக்கொண்டான், நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தான். காட்டில் கடலைக்காய் பிடுங்க ஆட்கள் வந்து நின்றிருப்பார்கள். ஐப்பசி மழை விட்டிருக்கும் இந்த இடைவெளியில் பிடுங்காவிட்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துப் போகும். ஊரில் மற்ற ஆம்பளைகள் எல்லாம் காட்டைப் பார்க்கப் போயிருக்கிற நேரத்தில், தான் மட்டும் புழக்கடையில் உட்கார்ந்து சாம்பல் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று அவனுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"என்ன, இன்னைக்கும் ஒழுகியிருக்குதா?" என்று சமையல்கட்டிலிருந்து அம்மா பொன்னாத்தாள் கேட்டாள்.

அவன் கறுத்த சாம்பலைக் கையால் நிரவி மூடினான். ஆமாம் என்றால் உள்ளே அறையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் சௌந்திரத்துக்குக் கேட்கும். இல்லை என்றால் அம்மா நேரில் வந்து பார்ப்பாள்.

அந்தப் பாய்லரை மேடையில் ஏற்றியதிலிருந்தே வீட்டில் ஒருவர் முகமும் சரியில்லை. சௌந்திரம் தலைப்பிரசவத்துக்குப் பள்ளிபாளையத்தில் தாய்வீட்டுக்குப் போனவள், குழந்தையோடு திரும்பி வரும்போது அவளைப் பெற்ற அய்யன் வெங்கடாசலம் மற்றச் சீர்ச் சாமான்களோடு இதையும் வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தார். சீமையில் சண்டை தொடங்கிவிட்டது, இனிமேல் செம்பு கண்ணில் பார்க்கக் கிடைக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, அவரே சேலத்துக்கு ரயிலேறிப் போய்ச் செவ்வாய்ப்பேட்டையில் நின்று வாங்கிய பாய்லர். இடுப்பு உயரச் செம்பு. நடுவில் நெருப்புப் போடுகிற குழல், அதைச் சுற்றித் தண்ணீர், பக்கவாட்டில் பித்தளைக் குழாய், மேலே குமிழ் வைத்த மூடி. மூன்று கல்லைக் கூட்டி அண்டாவை ஏற்றிப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு தண்ணீர் காயவைத்த ஊர் அது. திருகினால் வெந்நீர் கொட்டுகிற சாமானைப் பார்க்க ஊரே திரண்டு வந்தது. வந்தவர்கள் குழாயைத் திருகினார்கள், மூடியைத் திறந்து முகம் பார்த்தார்கள். பக்கத்துக் காட்டு வெள்ளியங்கிரி, "இத்தாப் பெரிய சாமானுக்குள்ள நானே எறங்கிக் குளிக்கலாமாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுச் செம்பின்மேல் தட்டிக் காட்டினான். பொன்னாத்தாளும் அன்றைக்கு உட்கார நேரமில்லாமல் வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டுப் பெருமையைப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். மறுநாளே கொத்தனை வரச்சொல்லி, புழக்கடைக் கூரைக்கடியில் செங்கல்லும் சேறுமாக மேடை கட்டி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசவைத்ததும் அவள்தான். நாச்சிமுத்து அன்று காட்டில் இருந்தான்.

மேடை காய்ந்து, பாய்லரை ஏற்றிவைத்து, குழந்தைக்கு முதல் தண்ணீர் வார்த்து முடித்த பிறகுதான் ஈரம் தலைகாட்டியது. முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் ஊற்றும்போது சிந்தியிருக்கும் என்றான் நாச்சிமுத்து. சௌந்திரத்துக்கு அது சுருக்கென்று பட்டது. மறுநாள் ஒரு சொட்டுச் சிந்தாமல், துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள். காலையில் ஈரம் இருந்தது. குழாய் மரை சரியில்லை என்று நூலைச் சுற்றி இறுக்கினான். ஈரம் இருந்தது. கூரை ஒழுகுகிறதோ என்று புது ஓலை போட்டான். மழைத் தண்ணீர் சுவரோடு இறங்குகிறதோ என்று புறத்தில் வாய்க்கால் வெட்டிவிட்டான். ஈரம் எதற்கும் அசையவில்லை. நெருப்புப் போட்டு வெந்நீர் காய்ந்த பொழுதில் மட்டும் மேடை உலர்ந்து நல்ல பிள்ளையாக நிற்கும். மழை மூட்டத்தோடு விடியும்போது பார்த்தால் மறுபடியும் அழுதுகொண்டிருக்கும். அந்தப் பக்கம் வருகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வெள்ளியங்கிரி மட்டும் யோசனை சொல்லவில்லை. "ஊத்துக் கண்ணு தெறந்திருக்குதப்பா. பேசாம அங்கயே கெணறு வெட்டிப்போடு, ஏத்தம் எறைக்கற வேலை மிச்சம்" என்றான். அவனை அடிக்கக் கை எழுந்ததை நாச்சிமுத்து அடக்கிக்கொண்டான்.

வீட்டுக்குள் அந்த ஈரம் வேறு மாதிரி பரவியது. பொன்னாத்தாள் சம்பந்தியைப் பற்றி நேராக ஒன்றும் சொல்ல மாட்டாள். "சந்தையில பளபளன்னு இருக்கறதைப் பாத்து ஏமாந்துட்டாரு பாவம்" என்பாள். பரிதாபப்படுகிற மாதிரிச் சொல்வதுதான் சௌந்திரத்துக்குப் பொறுக்கவில்லை. அவள் பதிலுக்குப் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். பாய்லர் வந்த புதிதிலேயே குழந்தையின் தொட்டில் துணி ஒன்று, சிவப்புக் கரை போட்டது, தாய்வீட்டில் முதன்முதலில் குழந்தையைப் போர்த்தி எடுத்த துணி, கொடியில் காயப்போட்டது காணாமல் போயிருந்தது. சௌந்திரம் வைக்கோல்போர் வரைக்கும் தேடினாள். "வெள்ளாடு தின்னிருக்கும்" என்றாள் பொன்னாத்தாள். அதிலிருந்து சௌந்திரம் அந்த ஆட்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு குச்சியை எடுப்பாள். பாய்லர்மேல் காட்ட முடியாத கோபத்தை எல்லாரும் வேறு எதன்மேலாவது காட்டிக்கொண்டிருந்தார்கள்.

சாம்பல் பார்த்த அன்றைக்கே நாச்சிமுத்து திருச்செங்கோட்டுக்கு ஆள் அனுப்பி, ஈயம் பூசுகிற கன்னார் சுப்பையனை வரவழைத்தான். சுப்பையன் துருத்தியும் கரியுமாக வந்து இறங்கினார். பாய்லரை வாசலுக்குத் தூக்கி வரச்சொல்லி, காய்ந்த பாறைமேல் வைத்து, வாய்வரைக்கும் தண்ணீர் நிரப்பித் துணியால் துடைத்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பாறை காய்ந்தபடியே இருந்தது. உள்ளே நெருப்பைப் போட்டுப் பார்த்தார். அப்போதும் காய்ந்தபடியே இருந்தது. ஓட்டை இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவ்வளவு தூரத்திலிருந்து வந்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னால் தொழிலுக்கு மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, செம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க. செம்பு குளுந்து போறப்பத்தான் தெறக்குமுங்க" என்றார். பிறகு பொருத்துவாய் அத்தனையிலும் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினார். முகம் பார்க்கிற மாதிரி இருந்த செம்பின்மேல் சாம்பல் நிறத்தில் தழும்பு தழும்பாக ஈயம் உறைந்தது. சௌந்திரம் வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். நாச்சிமுத்து பக்கத்தில் போய் நின்றபோது, "எங்கய்யன் கால் நோவோட நின்னு ஒவ்வொண்ணாத் தட்டிப் பாத்து எடுத்த சாமானுங்க அது" என்றாள்.

மறுநாள் காலையிலும் மேடை ஈரமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு பொன்னாத்தாள் மாறிப்போனாள். அதுவரை சாடை பேசிக்கொண்டிருந்தவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். புழக்கடைக்கே வருவதில்லை. குழந்தையை அந்தப் பக்கம் எடுத்துப்போகக் கூடாது, பழைய அண்டாவிலேயே தண்ணீர் காயட்டும் என்றாள். நாச்சிமுத்து கடைசி முயற்சியாகப் பாய்லரைக் காலிசெய்து, மேடையிலிருந்தே இறக்கி, தாவாரத்தில் கவிழ்த்து வைத்துப் பார்த்தான். சொட்டுத் தண்ணீர் கிடையாது, பாய்லரே கிடையாது. ஆனாலும் விடிந்தால் மொட்டை மேடை அடியில் ஈரம் கட்டிக்கொண்டிருந்தது. இதைச் சொன்னபோது அம்மாவின் முகம் வெளுத்ததை அவன் கவனிக்கத்தான் செய்தான். ஆனால் அவள் சொன்னது வேறு.

"அதைத் திருப்பி அனுப்பீரு சாமி. ஓட்டைச் சாமான் ஊட்டுக்கு ஆகாது."

"ஓட்டை இல்லைன்னுதானே ஆத்தா இப்பச் சொன்னேன்?"

"இருக்குதோ இல்லியோ. அனுப்பீரு."

சீரை எந்த வீட்டில் திருப்பி அனுப்புவார்கள்? வண்டி பள்ளிபாளையத்துத் தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு எட்டிப் பார்க்கும். வெங்கடாசலம் அப்புறம் இந்த வாசலில் கால் வைப்பாரா? இதையெல்லாம் அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, இந்த நியாயங்களை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். ஆனால் அவள் பிடித்த பிடியை விடவில்லை. சோறு இறங்கவில்லை என்று தட்டத்தைத் தள்ளினாள். சௌந்திரம் சத்தம் போடவில்லை, அதுதான் அவனைப் பயமுறுத்தியது. "அனுப்புங்க. நானும் புள்ளையும் அதுங்கூடவே போயிர்றோம். எங்கய்யன் குடுத்ததுல ஒண்ணு ஆகாதுன்னா எல்லாமே ஆகாதுதானுங்க" என்றாள். நாச்சிமுத்து இரண்டு பேரிடமும் மாறி மாறிப் போய்ப் பேசினான். கெஞ்சினான், அதட்டினான், ஒரு தரம் தலையில் அடித்துக்கொண்டான். எந்தப் பக்கமும் நகரவில்லை. கடைசியில் அவனுக்கு வெறுத்தேவிட்டது. எப்படியாவது போய்த் தொலையுங்கள் என்று வண்டியைப் பூட்டினான்.

வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய்லரை வைத்து, அச்சில் கயிற்றைக் கொடுத்து இறுக்கி இறுக்கிக் கட்டினான். கோபத்தில் போட்ட முடிச்சுகள். அவனாலேயே அவிழ்க்க முடியாத மாதிரி விழுந்தன. சௌந்திரம் துணிமூட்டையோடு ஏறி, பாய்லரில் சாய்ந்துகொண்டு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் அவனுக்குப் பாய்லர் மூடி புழக்கடையிலேயே கிடப்பது ஞாபகம் வந்தது. அனுப்புகிறதை மூடியில்லாமல் அனுப்பினால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று முணுமுணுத்துக்கொண்டே எடுக்கப் போனான்.

அங்கே வெள்ளாடு நின்றது. முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு, கயிறு இழுபட வந்து, முன்னங்கால்களை மடித்து மண்டிபோட்டு, மேடையின் அடியை நக்கிக்கொண்டிருந்தது. அவன் விரட்டினான். நாலடி போய்விட்டு அவன் மூடியை எடுப்பதற்குள் திரும்பி வந்து மறுபடியும் மண்டி போட்டது. கழுத்தைப் பிடித்து இழுத்தான். இழுத்த இழுப்புக்கு வராமல் நாக்கை நீட்டிக்கொண்டு மேடையையே பார்த்தது. பக்கத்தில் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, அதைச் சீந்தவில்லை. அவன் ஆட்டை விட்டுவிட்டான். மூடியைக் கீழே வைத்தான். ஈரத்தில் விரலை வைத்துத் தேய்த்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நாக்கில் வைத்தான்.

சுரீரென்று கரித்தது. கிணற்று உப்பு இல்லை, உவர்மண் சுவையும் இல்லை. சோற்றுக்குப் போடுகிற கல்லுப்பு.

திரும்பினால் பின்வாசலில் அம்மா நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"உள்ள என்ன ஆத்தா வெச்சிருக்கற?"

பொன்னாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். "கத்தாதே. வெளியில சொன்னாப் பலிக்காது" என்றாள். அப்புறம் அவளாகவே, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். ஊரே வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததே, அந்த வெள்ளியங்கிரி தட்டி வேறு காட்டினானே. பச்சைக் குழந்தை குளிக்கிற தண்ணீர் அல்லவா? கொத்தனைச் சாப்பிட அனுப்பிவிட்டு, ஒரு படி உப்பும் மிளகாயுமாகக் கட்டி, கண்ணுக்குக் காவலாக மேடைக்குள் வைத்து அவளே சேறு பூசி மூடினாள். ஈரத்தைப் பார்த்து அவளும் ஓட்டை என்றுதான் நினைத்தாள். சுப்பையன் அத்தனை பூசியும் நிற்கவில்லை என்றதும்தான் அவளுக்கு உள்ளே வைத்த உப்பின் ஞாபகம் வந்தது. உப்பு தானாகக் கரைகிறது என்றால் அந்தச் சாமான்மேல் விழுந்த கண் எப்பேர்ப்பட்ட கண்ணாக இருக்க வேண்டும்? அதை வீட்டில் வைத்துக்கொண்டு குழந்தையையும் வைத்துக்கொள்ள முடியுமா?

அவனுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. ஓலை மாற்றியது, வாய்க்கால் வெட்டியது, கடலைக்காய் முளைத்துப் போனது, சௌந்திரம் அழுதது எல்லாம் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தது.

"மழைக்காலத்துல சமையக்கட்டுச் சாடியில இருக்கற உப்புந்தான் வேர்க்குது. அதுக்கும் கண்ணு பட்டுருச்சா?"

"அது திங்கற உப்பு. இது வெச்ச உப்பு."

இதற்குமேல் என்ன பேசுவது? அவன் மேடைமேலேயே தொப்பென்று உட்கார்ந்தான். "செரி. நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்லலை. அவங்கய்யன் ஓட்டைப் பாய்லரே குடுத்ததா இருக்கட்டும். வண்டி கெளம்பட்டும். எந்தப் புள்ளைக்குக் காவலு வெச்சியோ அந்தப் புள்ளையுந்தான் வண்டியில போகுது. மேடை இருக்குது உனக்கு, வெச்சுக் கும்புட்டுக்க" என்றான்.

பொன்னாத்தாள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஆடு மெல்ல வந்து அவன் காலடியில் வேலையைத் தொடர்ந்தது. வாசலில் மாடு தலையை ஆட்டியதில் கழுத்து மணி கேட்டது.

"புள்ளை தூங்குதா, முழிச்சிருக்குதா?" என்று கேட்டாள்.

"முழிச்சுத்தான் இருக்குது."

அவள் சுவரில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தாள். "எந்திரி" என்றாள். அவன் வாங்கப் போனதற்குக் கொடுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எந்தச் செங்கல் என்று தேடாமல், ஒரே குத்தில் சரியான இடத்தைப் பெயர்த்தாள். சேற்றுக்குள் கைவிட்டு மூட்டையை வெளியே எடுத்தாள். பாதிக்குமேல் கரைந்து சுருங்கி, நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை அப்படியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் புகுந்து வாசலுக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே போனான். ஆடும் போனது.

வண்டியில் சௌந்திரம் திரும்பவில்லை. பொன்னாத்தாள் சக்கரத்தருகே நின்று, மூட்டையை உயர்த்திக் குழந்தையைச் சுற்றி மூன்று தரம் சுற்றினாள். நீர் சௌந்திரத்தின் தோளிலும் புடவையிலும் சொட்டியது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பொன்னாத்தாள் நிறுத்தவில்லை. கையை எட்டி, ஈயத் தழும்பு விழுந்த பாய்லரையும் அதே மாதிரி மூன்று தரம் சுற்றினாள். பிறகு வாசல் தொட்டியருகே போய் முடிச்சை அவிழ்த்து, மிச்ச உப்பையும் மிளகாயையும் தண்ணீருக்குள் உதறினாள். துணி மட்டும் கையில் மிஞ்சியது. அதன் ஓரத்தில் மங்கிப்போய் ஒரு சிவப்புக் கரை தெரிந்தது.

சௌந்திரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெள்ளாடு தின்னுருச்சுன்னீங்களே, அத்தை" என்றாள்.

"மேடைக்குள்ள காவலுக்கு உப்பு வெக்கறதுன்னாப் புள்ளை மேல பட்ட துணியா இருந்தாத்தான் ஆகும்" என்றாள் பொன்னாத்தாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப எங்கய்யனை ஏமாந்துட்டாருன்னீங்களே, அது?"

பொன்னாத்தாள் வண்டியருகே வந்து துணியை நீட்டினாள். நீட்டிய கையை மடக்காமல் நின்றாள். நாச்சிமுத்து தன் வாழ்நாளில் அம்மா யார் முன்னாலும் இப்படி நின்று பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. குழந்தை என்னமோ விளையாட்டு என்று நினைத்து, தொங்கிய துணியை எட்டிப் பிடித்தது. சௌந்திரம் சட்டென்று அதன் கையை விலக்கிவிட்டு, துணியைத் தானே வாங்கிக்கொண்டாள். முறுக்கிப் பிழிந்தாள். விரித்துப் பார்த்தாள். கரை போகவில்லை. நுனியில் ஓர் இடத்தில் மட்டும் மிளகாய்க் கறை ஏறியிருந்தது. உப்பில் ஊறி விறைத்துப்போன துணியை விரல்களால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"பச்சத் தண்ணிக்கு இந்த உப்புப் போகாது. வெந்நீர் வேணும்" என்றாள்.

அதை யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அத்தை முகத்தையும் பார்க்கவில்லை, புருஷன் முகத்தையும் பார்க்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கவும் இல்லை. நாச்சிமுத்து பாய்லரைப் பார்த்தான். தான் போட்ட முடிச்சுகளைப் பார்த்தான். கிட்டே போய் அதில் ஒன்றை நகத்தால் நெம்பத் தொடங்கினான். கீழே வெள்ளாடு சக்கரத்தில் வழிந்த உப்புத் தண்ணீரை, ஆரக்கால் ஆரக்காலாக, அவசரமில்லாமல் நக்கிக்கொண்டிருந்தது.